பேட்டரிக் கார் வாங்கலாமா, மல்லிகா?

என் மல்லிகாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்த இரண்டு வருடத்தில் பெரிய முடிவு என்று நான் எதையும் எடுக்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் நின்று கேட்பேன், பதில் வராது, சரி அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுவிடுவேன். இந்தத் தடவை தள்ளிப்போட முடியவில்லை. நம் வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. என்னை மாதிரி பயந்து சாகிற அப்பன்கள் திருப்பூர்ப் பக்கம் இன்னும் சில பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்கு ஒரு பேட்டரிக் கார் வாங்கலாமா, வேண்டாமா? சிரிக்காதே. நிஜக் கார்தான். பெட்ரோல் ஊற்ற வேண்டாம், செல்போன் மாதிரி கரண்டில் சொருகி வைத்தால் போதும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, கிளட்சும் கியரும் கிடையாது. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஏன் உயிர் வந்தது என்று உனக்குத் தெரியாதா என்ன?

சாமளாபுரத்திலிருந்து டவுனுக்குத் துணிப் பண்டல் ஏற்றிக்கொண்டு நீ வேன் ஓட்டுவாய். நான் பக்கத்தில் டெலிவரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவேன். ஊரே பார்த்துச் சிரித்தது. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இருந்ததில்லை. நீ ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற வரைக்கும் எனக்கு உலகத்தில் பயமே இல்லை. மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய்விடுவாய் என்று யார் கண்டது?

நித்யாவுக்கு இளைப்பு கூடியிருக்கிறது, மல்லிகா. முன்பு மழைக்காலத்தில் மட்டும்தான் வரும். இப்போது பத்தாவது படிக்கிற பிள்ளை, மாதம் ஒரு தடவையாவது மூச்சுக்கு அல்லாடுகிறாள். போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக் கழற்றக்கூட முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நிறம் மாறிவிட்டது. நான் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கும் வாசலுக்குமாக ஓடினேன். ஓடி என்ன பண்ண? எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!

ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து வரவேண்டும் என்றார்கள். தெரிந்த ஆட்டோக்காரர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இனிமேல் இவ்வளவு லேட் பண்ணாதீங்க. வீட்டுல வண்டி இருக்குமில்ல?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்றேன்.

அதற்கப்புறம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மூன்றாவது தடவை டெஸ்ட்டுக்குப் போய் லைசென்ஸும் வாங்கிவிட்டேன். மைதானத்தில், பக்கத்தில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தால் ஓட்டிவிடுவேன். தனியாக ரோட்டுக்கு வந்தால் மூன்றாவது கியருக்குள் வண்டி நின்றுவிடும், பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடிக்கும், எனக்குக் கண் இருட்டிவிடும். உன் வேனை எடுத்த முதல் நாளே பக்கத்துத் தறிக் குடோன் சுவரில் கொண்டு போய் முட்டினேன். மாஸ்டர் தங்கமான ஆள். "அண்ணா, உங்களுக்குப் பயம் மனசுல இல்லீங்க, காலுல இருக்குது. கிளட்சு மேல கால வெச்சாப் போதும், தந்தியடிக்குதுங்க" என்றார்.

இந்த நிலைமையில்தான் சோமனூர் நடராஜண்ணன் வந்தார். நூல் கமிஷன் பண்ணுகிறாரே, அவர்தான். வீட்டம்மாவுக்காக இரண்டு வருடம் முன்னால் ஒரு பேட்டரிக் கார் வாங்கியிருக்கிறார். இப்போது மகன் பெரிய கார் வாங்கிக் கொடுத்துவிட்டானாம், இது சும்மா நிற்கிறதாம். "ஒரு வாரம் வெச்சு ஓட்டிப் பாருங்க. புடிச்சா எடுத்துக்குங்க, புடிக்காட்டிச் சாவியக் குடுத்துருங்க. இதுல என்னுங்க இருக்குது?" என்று சொல்லிவிட்டு, காரை நம் வாசலில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

ரெண்டே கதவு. முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு குழந்தைகள் உட்காரலாம். உன் தம்பி சுப்பிரமணி அன்றைக்கே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஏனுங் மச்சான், என்ற அக்கா பண்டல் ஏத்துன வேன வேகமா ஓட்டிட்டுப் போனவ. நீங்க என்னடான்னா சோப்பு டப்பாவுல போறேங்கறீங்க" என்று சிரித்தான். "மாப்ள, சோப்பு டப்பாவாச்சும் என்ற பேச்சக் கேக்குதே" என்றேன். நித்யா சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

முதல் தடவையாக மாஸ்டர் துணையில்லாமல் முழுசாக ஓட்டினேன், மல்லிகா! சாவியைத் திருகினேன், சத்தமே வரவில்லை. வண்டி செத்துவிட்டது என்று இறங்கப் போனேன். "அப்பா, அது ஆன்லதான் இருக்குதுங்கப்பா, மிதிங்க" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நித்யா. மிதித்தேன், போயிற்று. மங்கலம் வரைக்கும் போய்த் திரும்பினோம். ஒரு பஸ் ஹாரன் அடித்தது, ஓரமாக விட்டேன், அது பாட்டுக்குப் போனது. உலகம் அழியவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது, ஆனால் நான் ஓட்டியிருந்தேன்.

ஆனால் சந்தோஷம் எனக்கு ஒட்டாது என்று உனக்குத் தெரியும். அடுத்த நாளே யோசனை பிடித்துக்கொண்டது. முழு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர் போகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நடராஜண்ணனைக் கேட்டால், "அது புதுசுலீங்க. இப்ப அம்பது, அம்பத்தஞ்சுன்னு வெச்சுக்குங்க" என்கிறார். பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர், ஆஸ்பத்திரி பதினாறு. அந்த இரண்டுக்கும் இது போதும். உன் அம்மா வீடு காங்கயம் தாண்டி. போனால் திரும்பி வர முடியாது, அங்கே ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுத்தான் வரவேண்டும். கோயம்புத்தூர் போனால் சார்ஜ் போடத் தெரிந்த வீடுகூட இல்லை, அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். நல்லது கெட்டதுக்கு பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், அது ஒன்றும் பெரிசில்லை.

பேட்டரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டுமாம். எல்லாப் பேட்டரிகளையும் மாற்றுகிற செலவுக்கு ஒரு ஓவர்லாக் தையல் மெஷின் வாங்கிவிடலாம். இந்தக் காரின் பேட்டரிக்கு ரெண்டு வயசு முடிந்துவிட்டது. பெட்ரோல் விற்கிற விலைக்கு மிச்சம் பிடிக்கலாமே என்றால், மிச்சமாகிறதெல்லாம் மூன்றாவது வருடம் பேட்டரிக்குப் போகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சரி, லாபத்துக்கா வாங்குகிறேன்?

அப்புறம் கரண்ட். நீ இருந்தபோது எப்போதாவது போகும், வரும். இப்போது அப்படியில்லை அம்மணி. சொல்லிவிட்டு ரெண்டு மணி நேரம், சொல்லாமல் எத்தனை நேரம் என்று யாருக்கும் தெரியாது. நம் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் இல்லாமல் எட்டுத் தையல் மெஷினையும் ஓட்ட முடியவில்லை. முழு சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் வேண்டும். சார்ஜ் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளைக்கு மூச்சு முட்டினால்? ஷெட்டில் ரெண்டு வண்டி நிற்கும், இரண்டையும் என்னால் நகர்த்த முடியாது.

காரை எங்கே சொருகுவது என்பதும் ஒரு பிரச்சினை. வீட்டு வயரிங் பழசு, இதில் போட்டால் புகைந்துவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே இருக்கிற நம் கம்பெனியில், அயர்ன் டேபிளுக்குப் பக்கத்துப் பெரிய பிளக்கில் சொருகி, ஜன்னல் வழியாக வயரை ஷெட்டுக்கு விட்டேன். முதல் நாலு நாள் கம்பெனியை நானே பூட்டினேன், காலையில் சார்ஜ் காட்டுகிற முள் மேலே நின்றது.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, சோமனூரில் ஒரு கல்யாண வரவேற்பு. போகாமல் இருக்க முடியாது. பகலெல்லாம் அலைந்து சார்ஜ் இறங்கியிருந்த காரைக் கொண்டு வந்து நிறுத்தி, பிளக்கில் சொருகிவிட்டு, பூட்டுகிற பொறுப்பை ராணியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போனேன். செக்கிங் பார்க்கிறாளே, திருநெல்வேலிப் பக்கத்து ராணி, உன்மேல் அவ்வளவு உயிராக இருப்பாளே, அவளேதான். நான் எட்டு மணிக்குத் திரும்பி வந்தேன். கம்பெனி இருட்டாகப் பூட்டிக் கிடந்தது. பரவாயில்லையே, எல்லாவற்றையும் ஒழுங்காக அணைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அணைத்ததில் காரும் ஒன்று என்பது இந்த மரமண்டையில் ஏறவில்லை.

அயர்ன் பாக்ஸை அணைக்காமல் போய் ஒரு பண்டல் பனியன் துணி கருகினதே, அன்றைக்கு நீ போட்ட சட்டம் ஞாபகம் இருக்கிறதா? பஞ்சுத் தூசி பறக்கிற இடம், ஒரு பொறி போதும், கடைசியாகப் போகிறவர் மெயின் சுவிட்சை இறக்காமல் போகக்கூடாது என்று எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னாய். நீ சொன்னதை அவர்கள் இன்றைக்கும் மீறுவதில்லை. நான் ஒரு வார்த்தை, "இன்னைக்கு மெயின் இருக்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. நித்யா கட்டிலில் முன்னால் சாய்ந்து, கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்கியது. மருந்தை ரெண்டு தடவை உறிஞ்சியும் கேட்கவில்லை. "வா சாமி, போலாம், கார் இருக்குது" என்று கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். உனக்கு எப்படிச் சொல்வேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாவியைத் திருகினேன். முள் கால்வாசிக்கும் கீழே நின்றது.

ராணி அப்போதுதான் வேலைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணாச்சி, நான்தான் மெயின அமத்துனேன். அக்கா அப்படித்தான சொல்லிருக்காவ" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பல்லடம் போயிருக்கிறார். முழு சார்ஜுக்கு ஐம்பது என்றால் இந்தக் கால்வாசிக்கு எவ்வளவு? பன்னிரண்டு வருமா? ஆஸ்பத்திரி பதினாறு. கணக்கு உதைக்கிறது, பிள்ளைக்கு இழுக்கிறது. கடவுளே என்று மிதித்தேன்.

தானாகப் பாடத் தொடங்கிய ரேடியோவை நிறுத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். வேகமாகப் போனால் சார்ஜ் சீக்கிரம் தீரும் என்று நடராஜண்ணன் சொல்லியிருந்தார். மெதுவாகப் போனால் பிள்ளை என்ன ஆவாள்? அவள் மூச்சு ஒரு பக்கம், முள் ஒரு பக்கம், எதைப் பார்ப்பேன் சொல். மங்கலத்தில் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். ஹாரனும் பேட்டரிதானே என்று கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அடிங்கப்பா... ஹாரனுக்கெல்லாம்... தீராதுங்கப்பா" என்றாள் நித்யா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

ஆண்டிபாளையம் தாண்டியதும் சிவப்பு விளக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் வண்டி ஓடவில்லை, நகர்ந்தது. சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் உன்னைக் கூப்பிட்டேன், கூப்பிடாத சாமியில்லை. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் பாதி நுழைந்ததும் நின்றது. "ஏனுங்க, வழியில நிறுத்தறீங்க, வண்டிய எடுங்க" என்று வாட்ச்மேன் சத்தம் போட்டார். "எடுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதினைந்து வயசுப் பிள்ளை, கனமே தெரியவில்லை.

மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இளைப்பு அடங்கியது. டாக்டர், "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "இன்னைக்குக் காத்தால ஏழு மணிக்குங்க" என்றேன். நித்யா மாஸ்க்கோடு தலையை ஆட்டினாள். மாஸ்க்கை லேசாகத் தூக்கி, "நேத்து மத்தியானம்" என்றாள்.

டாக்டர் போனதும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் கண்ணு அப்பாகிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சொன்னா நீங்க பயந்துக்குவீங்கப்பா. போன தடவ நீங்க அழுததப் பாத்து எனக்கு இன்னும் நெம்ப முட்டுச்சு. நேத்து விசேஷத்துக்குக் கெளம்பிட்டு வேற இருந்தீங்க. எப்பவும் மாதிரி தானாச் சரியாயிரும்னு நெனச்சேன்."

எப்பவும் மாதிரியா? "இது மாதிரி எத்தன தடவ சாமி சொல்லாம இருந்த?" என்று கேட்டேன். "எண்ணலீங்கப்பா" என்றாள்.

மல்லிகா, ஒரு வாரமாக நான் முள்ளைப் பார்த்தேன், கிலோமீட்டரைப் பார்த்தேன், கரண்ட் எப்போது போகும் என்று பார்த்தேன். என் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. முழு சார்ஜ் இருந்து என்ன பிரயோஜனம், அவள் சொன்னால்தானே வண்டியை எடுப்பேன்? என் பயம் அவளை வாய் மூட வைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பாவம் ஒரு அப்பன் என்ன செய்துவிட முடியும், நீயே சொல்.

காரை எடுத்துக்கொண்டேன். பேட்டரி புதுசாகப் போட்டுக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று நடராஜண்ணனிடம் கறாராகச் சொன்னேன், அவரும் சரியென்றார். காருக்கான பணத்துக்காக உன் வேனை விற்றுவிட்டேன். வாங்கினவர்கள் அதைக் கொண்டு போனபோது நான் வெளியே வரவில்லை, உள்ளே உட்கார்ந்துவிட்டேன். காருக்கென்று மெயினுக்கு முன்னாலிருந்தே தனி லைன், தனி சுவிட்ச் இழுத்தாயிற்று. அதைத் தொடக்கூடாது என்று ராணி தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள். பாதிக்குக் கீழே சார்ஜை இறங்க விடுவதில்லை. ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் நம்பரும் வாங்கி வைத்திருக்கிறேன். அப்படியும் பயம் போகவில்லை. அது போகாது, நான் அப்படிப்பட்ட பிறவி.

நேற்று மத்தியானம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நித்யா வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா, லேசா இளைக்குதுங்கப்பா" என்றாள். அவளாக வந்து சொன்னாள், மல்லிகா. டம்ளரைக் கீழே வைத்தேன். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மருந்து எடுத்துட்டியா சாமி? சித்தெ உக்காரு, பாக்கலாம், இல்லாட்டிப் போலாம்" என்றேன். குரல் எப்படியோ நேராக வந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

அதுவரைக்கும் என் விரல்கள் பின்னால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அவள் பார்க்கவில்லை. உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது ஒன்றுதான்: என் கைகள் நடுங்கட்டும், ஆனால் இனி அவள் பார்க்கிற இடத்தில் நடுங்காது.

உன் வீட்டுக்காரன்,
நித்யாவின் அப்பன்.